தொண்ணூற்றொன்பது நாட் சக்கரவர்த்தி

அரசர் வரலாற்றை எழுதுவோர் போர்களையும் உடன்படிக்கைகளையும் முடிசூட்டு விழாக்களையும் வரிசைப்படுத்திச் செல்வது வழக்கம். நோயும் வைத்தியமும் அவ்வரிசையின் ஓரத்திலேதான் இடம்பெறும். ஆயின், ஜேர்மனியப் பேரரசின் இரண்டாஞ் சக்கரவர்த்தியாகிய மூன்றாம் பிரெடரிக்கின் சரித்திரத்திலே இம்முறை தலைகீழாயிற்று. நெல்மணியிலும் சிறியதொரு முளை அவருடைய குரல்வளையினுள்ளே தோன்றியது. அது யாதென்று தெளிவதில் ஐரோப்பாவின் தலைசிறந்த வைத்தியர்கள் பிளவுபட்டனர். அப்பிளவு இரு தேசங்களிடையே மனக்கசப்பாகவும் முற்றியது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயை அறிதலை முதலில் வைத்து, மருந்து செய்தலை அதன்பின் வைத்தார். அம்முதற்படி எத்துணை அரியதென்பதை இம்மன்னரின் வாழ்க்கை நன்கு காட்டும்.

இளமையும் இல்லறமும்

பிரெடரிக் 1831 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 18 ஆந் திகதி, பேர்ளின் நகருக்கு அணித்தாகிய பொற்சுடாம் அரண்மனையிலே பிறந்தார். தந்தையார், பின்னாளிற் பிரசியாவின் மன்னராகவும் ஜேர்மனியின் முதற் சக்கரவர்த்தியாகவும் விளங்கிய முதலாம் வில்லியம். தாயார் வைமார் அரசகுலத்து அகஸ்தா. கலைக்கும் கல்விக்கும் பெயர்பெற்ற வைமாரின் மணம் அன்னை வழியே மைந்தனுக்கும் வந்தது. வாளும் குதிரையுமே பெரிதென வளர்ந்த குலத்திலே, இவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், பிற்காலத்தில் ஒலிம்பியாவை அகழ்ந்து கண்ட ஏர்னஸ்ட் கூட்டியுசு என்னும் கிரேக்கப் பேரறிஞர். அவரிடம் கற்றபின் இளவரசர் பொன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

1851 ஆம் ஆண்டிலே இலண்டனில் நடைபெற்ற மகா கண்காட்சிக்குச் சென்றபோது, விக்ரோறியா மகாராணியாரின் மூத்த புதல்வியை முதன்முதற் கண்டார். அவளுக்கு அப்போது பத்து வயது. தாயின் பெயரே அவளுக்கும் பெயர். 1858 ஆம் ஆண்டு சனவரி 25 ஆந் திகதி இருவருக்கும் இலண்டனிலே திருமணம் நிறைவேறிற்று. அரசியல் நோக்கத்தால் அமைந்த மணங்கள் மலிந்த அக்காலத்திலே, இவ்விருவரின் மணம் அன்பினால் நிலைத்தது. மக்கள் எண்மர் பிறந்தனர். அவருள் ஆண்மக்கள் இருவர் இளமையிலேயே மறைந்தனர். ஒருவனை 1866 இல் மூளைக்காய்ச்சல் கொண்டது. மற்றவனை 1879 இல் தொண்டைக் கரப்பன் கொண்டது. தொண்டை நோய் அக்குடும்பத்துக்கு முன்னரே அறிமுகமான பகைவன் என்க.

இங்கிலாந்திலே உள்ளதுபோலப் பாராளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட முடியாட்சி தம் நாட்டிலும் மலரவேண்டும் என்பது இளவரசரின் விருப்பம். 1863 இல் முதலமைச்சர் பிஸ்மார்க் பத்திரிகைகளின் வாயை அடைத்தபோது, டான்சிக் நகரிலே வெளிப்படையாக அதனை மறுத்துப் பேசித் தந்தையின் சினத்துக்கு ஆளானார். எனினும் கடமையென வந்தபோது படைநடத்தப் பின்னின்றாரல்லர். 1866 ஆம் ஆண்டு யூலை 3 ஆந் திகதி கோனிக்கிராட்சுப் போர்க்களத்திலே இவருடைய சேனை உற்ற வேளையில் வந்து சேர்ந்தமையே வெற்றியை நிச்சயித்தது. 1870 இல் பிரான்சுடன் நிகழ்ந்த போரிலும் பெரும்புகழ் ஈட்டினார். அவ்வாறு வென்றவர் போரை வெறுத்தவர் என்பதே வியப்பு.

தந்தையார் தொண்ணூறு வயதுவரை அரசிருந்தார். மைந்தரோ முடிக்குக் காத்திருந்தே ஐம்பத்தைந்து வயதை எய்தினார். தாராண்மைக் கொள்கையினர் யாவரும் இவர் அரியணை ஏறும் நாளை எதிர்நோக்கியிருந்தனர்.

குரல் மங்கியது

1887 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே இளவரசரின் குரல் கம்மியது. தடிமன் என்றே முதலிற் கருதினர். வாரங்கள் கழிந்தும் அது தெளியவில்லை. மார்ச் 6 ஆந் திகதி பேர்ளின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேர்காட் என்பவர் அழைக்கப்பட்டார்.

உயிருள்ள மனிதனின் குரல்வளையைக் கண்ணாற் காணும் முறை அக்காலத்துக்கு ஒரு தலைமுறையே பழையது. அதனைக் கண்டவர் ஒரு வைத்தியருமல்லர். 1854 ஆம் ஆண்டிலே மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர், பல்வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையினுள் வைத்து, சூரிய ஒளியை மற்றொரு கண்ணாடியாற் செலுத்தி, தம்முடைய குரல்நாண்கள் அசையும் அழகைத் தாமே கண்டார். அக்கருவியே வைத்தியர் கையிற் பெருவிளக்காயிற்று.

கேர்காட் அக்கண்ணாடியின் வழியே இடக்குரல்நாணில் நான்கு மில்லிமீற்றர் அளவான முளையொன்றைக் கண்டார். அதனைக் கம்பிக் கண்ணியாற் பற்ற முயன்றார், இயலவில்லை. பின்னர் மின்னாற் செஞ்சூடேறிய பிளாற்றினக் கம்பியினாற் பல நாட்கள் அதனைச் சுட்டார். முளை மறைந்ததுபோற் தோன்றிற்று. இளவரசர் ஏம்சு என்னும் ஊற்றுநீர்த் தலத்துக்கு அனுப்பப்பட்டார். மே மாதத்தில் அவர் திரும்பியபோது, சுட்ட இடம் ஆறவில்லை. முளை மீண்டும் எழுந்திருந்தது. குரல்நாணின் அசைவும் குறைந்திருந்தது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கிய கேர்காட்டின் உள்ளத்திலே புற்றுநோய் என்னும் ஐயம் வலுத்தது.

புகழ்பெற்ற சத்திரவைத்தியர் பேர்க்மன் வந்து பார்த்தார். அவருக்கு ஐயம் இருக்கவில்லை. குரல்வளையை முன்புறத்தே பிளந்து, நோயுற்ற பகுதியை உடனே அகற்றிவிட வேண்டும் என்பது அவர் துணிவு. மே 21 ஆந் திகதி அதற்கென நாள் குறிக்கப்பட்டது. இத்தகைய சிகிச்சை அக்காலத்திலே பேராபத்தானது. குரல்வளை முழுவதையும் அகற்றும் சிகிச்சையைப் புற்றுநோய்க்கு முதன்முதற் செய்தவர் வியன்னா நகரத்துப் பில்றொத்து. அது 1873 ஆம் ஆண்டின் இறுதி நாளில் நிகழ்ந்தது. அந்நோயாளி சில மாதங்களே உயிரோடிருந்தான்.

இத்தகைய நிலையில், மற்றொரு நிபுணரின் கருத்தையும் கேட்டல் தகுமென ஜேர்மனிய வைத்தியர்களே உடன்பட்டனர். இலண்டன் மொறெல் மக்கென்சி அழைக்கப்பட்டார்.

விர்கோவின் விடை

மக்கென்சி தொண்டை நோய்களுக்கென்றே 1863 இல் இலண்டனிலே ஓர் ஆசுபத்திரியை நிறுவியவர். குரல்வளை, மூக்கு, களம் என்பனவற்றின் நோய்களை இரு தொகுதிகளில் விரிவாக எழுதியவர். களம் எனப்படும் உணவுக்குழாயினுள்ளே நோக்குதற்கும் ஒரு கருவி அமைக்க முயன்றவர். கைத்திறத்தில் அவருக்கு இணையாவார் அன்று சிலரே.

மே 20 ஆந் திகதி அவர் வந்து பார்த்தார். முளையின் தோற்றத்தை மாத்திரம் கொண்டு அதனைப் புற்றுநோயென்று சாதிக்க இயலாது. அதனின்றும் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியினாற் சோதித்த பின்னரே கத்தியைத் தொடலாம் என்றார். இது நெறியான கூற்றே. மறுநாளே சிறு சாமணத்தினால் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்தார். அது உருடோல்வு விர்கோவிடம் அனுப்பப்பட்டது.

விர்கோவைப் பற்றி இங்கே சிறிது கூறல் வேண்டும். நோய் என்பது உடலின் கலங்களிலே நிகழும் மாற்றம் எனவும், ஒவ்வொரு கலமும் முன்னிருந்த கலத்தினின்றே தோன்றும் எனவும் நாட்டி, 1858 இல் நோயியலைப் புதுக்கிய பேரறிஞர் அவர். அரசியலிலும் முற்போக்குக் கட்சியை அமைத்தவருள் ஒருவர். பிஸ்மார்க்கின் தீராத எதிரி. அவருடைய சொல்லுக்கு மறுசொல் அந்நாளில் இருக்கவில்லை.

அவர் கண்டது, எரிச்சலினாற் தடித்த மேலிழையமே. புற்றுநோய்க்குரிய குறி எதுவும் அத்துணுக்கில் இல்லை. யூன் 8 ஆந் திகதி இன்னும் பெரிய துணுக்குகள் எடுக்கப்பட்டன. அவற்றிலும் பாலுண்ணி போன்ற தடிப்பையே கண்டார். அவ்வறிக்கையிலே விர்கோ ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருந்தார். எடுக்கப்பட்ட துணுக்குகள் குற்றமற்றவை எனத் தாம் கூறலாமேயன்றி, நோயின் முழுமைக்கும் அது பொருந்துமோ என்பதை இத்துணுக்குகளைக் கொண்டு நிச்சயித்தல் இயலாது என்பதே அதன் கருத்து. இவ்வரலாற்றில் எழுதப்பட்ட ஆவணங்கள் யாவற்றுள்ளும் அறிவிற் சிறந்தது அவ்வொரு வாக்கியமே. ஆனால் நம்பிக்கைக்கு ஏங்கியிருந்தோர் காதிலே முன்பகுதி விழுந்தது, பின்பகுதி விழவில்லை.

சிகிச்சை கைவிடப்பட்டது. யூன் 21 ஆந் திகதி இலண்டனிலே விக்ரோறியா மகாராணியாரின் பொன்விழா ஊர்வலம் நடைபெற்றது. வெண்ணிறச் சீருடையும் கழுகுச் சின்னம் பொறித்த தலைச்சீராவும் அணிந்து, குதிரைமீது நிமிர்ந்து சென்ற பிரெடரிக்கை மக்கள் கண்கொட்டாது நோக்கினர். அம்மாத இறுதியில் மூன்றாவது துணுக்கும் எடுக்கப்பட்டது. விடை முன்போலவே வந்தது. செத்தெம்பரில் மகாராணியார் மக்கென்சிக்குச் சேர் பட்டம் வழங்கினார்.

சன் றேமோவில்

குளிர்காலம் நெருங்கவே, இளவரசர் இத்தாலியின் கடற்கரையிலுள்ள சன் றேமோவுக்கு நவம்பர் 3 ஆந் திகதி வந்து சேர்ந்தார். சில நாட்களுள் மக்கென்சியும் அங்கே அழைக்கப்பட்டார். கண்ணாடியிலே அவர் கண்டது புதியதொரு காட்சி. குரல்நாணுக்குக் கீழே, முன்னையதினும் வேறான வடிவில், ஒரு வளர்ச்சி தோன்றியிருந்தது. இது புற்றுநோயா என்று நோயாளியே கேட்டார். அவ்வாறே தோன்றுகிறதென மக்கென்சி ஒப்புக்கொண்டார். பிரெடரிக் கலங்கவில்லை, உண்மையைச் சொன்னமைக்கு நன்றி கூறினார் என்பர். வியன்னாவிலிருந்தும் பேர்ளினிலிருந்தும் பிராங்போட்டிலிருந்தும் வந்த நிபுணர்களும் அதனையே உறுதிசெய்தனர்.

குரல்வளை முழுவதையும் அகற்றலாம் என்னும் யோசனை அவர்முன் வைக்கப்பட்டது. அவர் அதனை ஏற்கவில்லை. மூச்சு முட்டுமாயின் கழுத்திலே வாதனாளியைத் திறந்து குழாய் வைப்பதற்கு மாத்திரம் இசைந்தார். அந்நிலை 1888 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி வந்தது. பேர்க்மனின் உதவி வைத்தியர் அச்சிகிச்சையைச் செய்தார். அன்றுடன் பிரெடரிக்கின் குரல் அடங்கியது. அதன்பின் தாளும் பென்சிலுமே அவருடைய நாவாயின.

பேசாத பேரரசர்

ஒரு மாதங் கழிந்து மார்ச் 9 ஆந் திகதி, முதலாம் வில்லியம் பேர்ளினிலே காலமானார். முப்பதாண்டு காத்திருந்த முடி, பேசவியலாத ஒருவரை நாடி இத்தாலிக்கு வந்தது. சக்கரவர்த்தியான பிரெடரிக்கின் முதற் செயல்களுள் ஒன்று, நாட்டின் உயர்ந்த விருதாகிய கருங்கழுகுப் பதக்கத்தைத் தம் மனைவிக்கு அணிவித்தமை. நோயின் நாட்களில் அயல்நாட்டாள் என்று பலராலும் பழிதூற்றப்பட்டவள் அவள். ஆங்கில வைத்தியனைக் கொண்டு கணவனைக் கெடுத்தாள் எனவும் கூசாது பேசினர். சொல்லால் விடையிறுக்க இயலாத கணவர் செயலால் விடையிறுத்தார்.

பனி கொட்டும் வேளையிற் பேர்ளின் திரும்பிய அவர், தந்தையின் இறுதி ஊர்வலத்தைச் சாளரத்தினின்றே பார்த்தார். அரசிருக்கை நோய்ப்படுக்கையாயிற்று. ஏப்பிரிலில், கழுத்துக் குழாயை மாற்றும்போது பேர்க்மனின் கை பிழைத்தது என்று மக்கென்சி பக்கத்தார் குற்றஞ்சாட்டினர். முன்னர் மக்கென்சியின் சாமணம் ஆரோக்கியமான குரல்நாணைக் காயப்படுத்தியது என்று கேர்காட் பக்கத்தார் குற்றஞ்சாட்டியிருந்தனர். கட்டிலைச் சுற்றி நின்றோர் ஒருவரோடொருவர் பேசாத நிலையும் உண்டாயிற்று. கட்டிலிற் கிடந்தவர் மாத்திரம் எவரையும் நோகவில்லை.

நினைத்த சீர்திருத்தங்களைச் செய்ய நாளும் வலிமையும் இருக்கவில்லை. யூன் மாதத்திலே, பழமைவாதியாகிய உள்நாட்டமைச்சர் புட்காமரைப் பதவி நீக்கியதே அவர் ஆட்சியின் குறிப்பிடத்தக்க அரசியற் செயல். அதே மாதத்தின் நடுப்பகுதியில் நோய் குரல்வளையின் பின்சுவரையும் அரித்துக் களத்தோடு வழி திறந்தது. உண்ட உணவு மூச்சுவழியிற் புகுந்தது. குழாய்மூலம் உணவூட்டினர். யூன் 15 ஆந் திகதி முற்பகலிலே, பிறந்த அதே பொற்சுடாம் அரண்மனையில், உயிர் பிரிந்தது. ஆண்டது தொண்ணூற்றொன்பது நாட்கள்.

மறுநாள் சடலம் சோதிக்கப்பட்டது. விர்கோவும் அங்கே நின்றார். குரல்வளை அழிந்திருந்தது, புற்றுநோய் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஜேர்மனிய வைத்தியர்கள் தம் பக்கத்தை நூலாக வெளியிட்டனர். மக்கென்சியும் மறுத்து ஒரு நூல் எழுதினார். நோயாளியின் அந்தரங்கத்தை வெளியிட்டார் என இங்கிலாந்தின் சத்திரவைத்தியர் கல்லூரியே அவரைக் கண்டித்தது. 1892 இல் அவரும் மறைந்தார்.

காணாமையும் இன்மையும்

பிழைத்தவர் யார்? விர்கோ பொய் கண்டாரா? அல்லர். அவர் கண்டது உண்மை. துணுக்கிலே புற்றுநோய் இருக்கவில்லை. பிற்கால நோயியலார் சிலர் இதற்கு ஒரு விளக்கம் தருவர். 1948 இல் அக்கர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் அரிய வகைப் புற்றுநோயைத் தனியாகப் பிரித்து விவரித்தார். அதன் மேற்பகுதி பாலுண்ணிபோலத் தடித்துக் குற்றமற்ற தோற்றங் காட்டும். தீமை யாவும் அடியிலே, அது பக்கத்து இழையத்தினுட் புகும் எல்லையிலேதான் வெளிப்படும். மேலே கிள்ளியெடுத்த துணுக்கு ஆயிரமாயினும் அவை யாவும் நன்றென்றே சொல்லும். பிரெடரிக்கின் நோய் இவ்வகையைச் சார்ந்தது அல்லது இவ்வகை கலந்தது என்பது அவர்கள் கருத்து. இவ்வரிய நோய் களத்திலும் தோன்றுவதுண்டு. 1967 இலே அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வளையத்தக்க ஒளியிழைக் குழாயைக் களத்தினுட் செலுத்திப் பார்க்கும் இக்காலத்திலும், மேலோட்டமாக எடுத்த துணுக்குகள் பலமுறை குற்றமில்லையெனக் கூறிய பின்னரே இந்நோய் பிடிபடுவதுண்டு.

நம் சமயநூலார் அளவைகளை வகுத்தவிடத்துக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் முதன்மையாகக் கொண்டனர். இன்மையை அறிதற்கு அநுபலத்தி என வேறோர் அளவையைக் கூறுவாரும் உளர். ஒரு பொருள் காணப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாக வேண்டுமாயின், அது அங்கே இருந்திருந்தால் நமக்குப் புலப்பட்டேயிருக்கும் என்னும் நிபந்தனை நிறைவேற வேண்டும். பட்டப்பகலிலே முற்றத்திற் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை எனலாம். நள்ளிருளிலே காணப்படாவிடின் அவ்வாறு கூறல் ஆகாது. துணுக்கிலே காணாமை இருளிற் காணாமை. விர்கோ இதனை அறிந்தார்; அறிந்து எழுதியும் வைத்தார். கேர்காட்டும் பேர்க்மனும் ஆறாத புண், மீண்டெழுந்த முளை, அசைவு குன்றிய நாண் என்பவற்றைக் கொண்டு கருதலளவையாற் சரியான முடிவை எய்தினர். மக்கென்சி காட்சியையே வேண்டினார், வேண்டியது குற்றமன்று. கிடைத்த காட்சி குறைபட்டது என்பதை மறந்து, பெரியோர் உரையென்னும் பலத்திலே சாய்ந்துகொண்டதே குற்றம்.

அவர் பிழைத்திருந்தால் 1914 இன் பெரும்போர் நேர்ந்திராது என்று சிலர் எழுதுவர். அவ்வாறு துணிவதும் இருளிற் குடம் தேடுவதே. ஆயினும், தந்தையை அடுத்து இருபத்தொன்பது வயதில் முடிசூடிய இரண்டாம் வில்லியத்தின் போக்கு வேறு என்பது உலகறிந்தது.

இச்சரித்திரம் வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று. குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், சோற்றுக்கவளம் தொண்டைக்குக் கீழே தடைப்பட்டாலும், அது தானே மாறும் என்று இராது வைத்தியரை நாடுதல் கடன். வெற்றிலையும் புகையிலையும் மென்று பழகிய நம் நாட்டார் இதனை இருமடங்கு நினைத்தல் வேண்டும். அப்பழக்கம் வாய்க்கும் களத்துக்கும் புற்றுநோயைத் தருவது நிறுவப்பட்ட உண்மை. சோதனையிலே ஒன்றுமில்லையென்று ஒருமுறை விடை வந்தும் துன்பம் தீராவிடின், மீண்டும் சென்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. விர்கோ எழுதிய அப்பின்பகுதியைப் படிப்பதே ஆகும்.